முத்துப்பிள்ளைக் கர்ப்பம்: கருப்பையைச் சுத்தம் செய்த பிறகு

கருப்பையைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். பெரும்பாலான கருச்சிதைவுகளில் அந்த நினைப்பால் தீங்கு எதுவும் வருவதில்லை. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் மட்டும் அப்படியில்லை. அதற்கான சிகிச்சையில் பாதி, சுத்தம் செய்த பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேலூரில் மகப்பேறு வார்டில் செவிலியராக இருந்தபோது, இந்தப் பெண்களின் தொடர்பரிசோதனைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நெடுங்காலம் என்னிடம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் உறவிலும் தெருவிலும் யாருக்காவது இந்த நோய் வந்தால் என்னிடம் கேட்க வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை ஓரிடத்தில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

குழந்தை உருவாகாமல், நஞ்சாக வேண்டிய திசு மட்டும் கட்டுப்பாடின்றி வளர்ந்து, ஊறவைத்த ஜவ்வரிசியைப் போல நீர் கோத்த சிறு கொப்புளங்களாகக் கருப்பையை நிரப்பிவிடுவதே முத்துப்பிள்ளை. ஏறத்தாழ 1,000 கர்ப்பங்களில் 1 முதல் 3 வரை இப்படி ஆகலாம். 20 வயதுக்குள் கருவுறுபவர்களுக்கும் 40 வயதைக் கடந்து கருவுறுபவர்களுக்கும் வாய்ப்பு சற்றே கூடுதல்; 45-க்கு மேல் இன்னும் கூடுதல். இதில் இரண்டு வகை உண்டு. முழு முத்துப்பிள்ளையில், தாயின் மரபுப்பொருள் இல்லாத சினைமுட்டைக்குள் ஒரு விந்தணு நுழைந்து தன்னுடைய 23 குரோமோசோம்களையே இரட்டித்துக்கொள்கிறது. சிலருக்கு இரண்டு விந்தணுக்கள் நுழைகின்றன. எவ்வாறாயினும் 46 குரோமோசோம்களும் தந்தையின் வழியே வந்தவை. பகுதி முத்துப்பிள்ளையிலோ நல்ல சினைமுட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்து 69 குரோமோசோம்கள் சேர்ந்துவிடுகின்றன. அதில் கருவின் சில பகுதிகள் தென்படலாம், ஆனால் அது பிழைக்கும் கருவாக இருப்பதில்லை.

இந்த விவரத்தை நான் குடும்பத்தாரிடம் மெனக்கெட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிரகணத்தன்று வெளியே போனாளா, பப்பாளி தின்றாளா, எள்ளுருண்டை தின்றாளா என்று கேள்விகள் அந்தப் பெண்ணைச் சுற்றியே வரும். கருத்தரித்த நொடியிலேயே நடந்து முடிந்துவிட்ட ஒரு பிசகுக்கு, அதன்பின் அவள் உண்டதும் நடந்ததும் காரணமாக முடியாது. தந்தைவழி என்று சொன்னவுடன் பழியைக் கணவன்மீது திருப்பவும் இடமில்லை. அவருடைய உடலில் குறை இருப்பதாக இதற்குப் பொருள் இல்லை.

நோயைச் சந்தேகிப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்ணை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். நாள் தள்ளி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வயிறோ தொப்புள்வரை வந்திருந்தது. ஐந்தாம் மாதத்தில் இருக்க வேண்டிய வயிறு அது. இரட்டைப் பிள்ளை என்று வீட்டார் மகிழ்ந்திருந்தார்கள். தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கை நடுக்கம், படபடப்பு எல்லாவற்றையும் மசக்கை என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்தபோது அது ஏறியிருந்தது. 20 வாரத்துக்கு முன்னால் கர்ப்பத்தால் ரத்த அழுத்தம் ஏறுவது வழக்கமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே வண்டியேற்றி அனுப்பினார். அவர் செய்ததுதான் நோய் நிர்ணயம். நாங்கள் ஸ்கேனில் உறுதி மட்டுமே செய்தோம். நடுக்கத்துக்கும் காரணம் முத்துப்பிள்ளையே. அந்தத் திசு சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் (கர்ப்பப் பரிசோதனை அட்டை கண்டறிவதும் இதைத்தான்), தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அமைப்பில் ஒத்திருப்பதால், அளவு மிகும்போது தைராய்டு சுரப்பியையும் முடுக்கிவிடுகிறது. முழு முத்துப்பிள்ளையில் ரத்தத்திலுள்ள எச்.சி.ஜி. 1 லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். சூலகங்களில் பெரிய நீர்க்கட்டிகள் தோன்றுவதும் அதனாலேயே; அவை எச்.சி.ஜி. இறங்க இறங்கத் தாமாகச் சுருங்கிவிடும் என்பதால், முறுக்கிக்கொண்டாலோ வெடித்தாலோ அன்றி அவற்றுக்கென அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

இத்தகைய முழு வடிவத்தை இப்போது அரிதாகவே காண்கிறோம். எட்டாவது, ஒன்பதாவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடுவதால் வயிறு பெருப்பதற்கும் அழுத்தம் ஏறுவதற்கும் முன்பே கண்டுபிடித்துவிட முடிகிறது. அது நன்மைதான். ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. அவ்வளவு சீக்கிரத்தில் கொப்புளங்கள் தெளிவாகத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்காது; குறிப்பாகப் பகுதி முத்துப்பிள்ளை, வளர்ச்சி நின்றுபோன சாதாரணக் கருவைப் போலவே படத்தில் தெரியும். அறிக்கையில் "இதயத்துடிப்பு இல்லை, கரு வளர்ச்சி இல்லை" என்று மட்டும் இருக்கும். அதன்பின் உண்மையைச் சொல்லக்கூடியது வெளியே எடுத்த திசு ஒன்றுதான். அதை ஃபார்மலினில் இட்டு நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்பினால், நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். ஐயம் இருந்தால் பி57 என்ற சாயப் பரிசோதனையும் உதவும்: அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு தாயிடமிருந்து வந்தால்தான் இயங்கும் என்பதால், தாயின் பங்கே இல்லாத முழு முத்துப்பிள்ளையில் அந்தச் சாயம் ஏறாது.

இதனால்தான், கரு கலைந்து சுத்தம் செய்கிற இடம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள் என்கிறேன். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைத்துக்கொள்பவர்களை எண்ணினால் எனக்கு மிகுந்த கவலையாக இருக்கும். அங்கே திசு கழிவறையோடு போய்விடுகிறது; என்ன இருந்தது என்று சொல்லச் சான்று எதுவும் மிஞ்சுவதில்லை. மாத்திரையால் கரு வெளியேறியவர்கள், திசு ஆய்வுக்குப் போகவில்லையென்றால், மூன்று வாரம் கழித்துச் சிறுநீரில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இன்னும் இரண்டு கோடு விழுந்தாலோ, உதிரப்போக்கு விட்டுவிட்டு நீடித்தாலோ மருத்துவமனைக்கு வர வேண்டும்.

அந்த அட்டைப் பரிசோதனை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எச்.சி.ஜி. பல லட்சங்களில் இருக்கும்போது, அட்டையிலுள்ள எதிர்ப்பொருள்கள் முழுவதும் நிரம்பிப்போய், கோடு மங்கலாகவோ விழாமலோ போகக்கூடும். நாள் தள்ளியிருக்கிறது, வயிறு கனக்கிறது, உதிரம் படுகிறது, அட்டையோ இல்லை என்கிறது என்ற நிலையில், சிறுநீரைத் தண்ணீர் கலந்து நீர்த்துப் பார்த்தால் கோடு பளிச்சென்று விழுவதைக் கண்டிருக்கிறேன். அதிகமாக இருப்பதாலேயே இல்லை என்று காட்டும் இந்த விசித்திரம் தெரியாமல் பெண்களைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

முத்துப்பிள்ளை என்று தெரிந்துவிட்டால், உறிஞ்சு கருவியால் கருப்பையைக் காலி செய்வதே வழி. திசு மிருதுவானது, ரத்த ஓட்டம் மிகுந்தது. ஆகவே ரத்தம் பொருத்திப் பார்த்துத் தயாராக வைத்துக்கொண்டு, அனுபவமுள்ளவர் கையால், இயன்றால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. மாத்திரை கொடுத்து வலி வரவழைத்து வெளியேற்றுவதைத் தவிர்ப்பார்கள். கருப்பை இறுகும்போது திசு ரத்தக் குழாய்களுக்குள் தள்ளப்படலாம் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். தைராய்டு முடுக்கம் இருந்தால் அதை முதலில் அடக்கிய பிறகே மயக்க மருந்து கொடுப்பார்கள். ஆர்எச் நெகட்டிவ் ரத்த வகை என்றால், அடுத்த கர்ப்பத்தில் கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை மறக்கக் கூடாது. பிள்ளைப்பேறு முடிந்து வயதும் கூடியவர்களுக்குக் கருப்பையையே எடுத்துவிடுவது உண்டு; அப்படி எடுத்தாலும், திசு ஏற்கெனவே வேறிடம் சென்றிருக்கக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையிலிருந்து விலக்கு கிடையாது.

இனிதான் பதிவேட்டின் வேலை. எடுத்த பிறகு வாரம் ஒருமுறை ரத்தத்தில் எச்.சி.ஜி. அளவு பார்க்கிறோம். லட்சங்களில் இருந்தது ஆயிரங்களாகி, நூறுகளாகி, இயல்பான அளவுக்கு இறங்க வேண்டும். பலருக்கு எட்டு, பத்து வாரங்களில் அது நடந்துவிடும். தொடர்ந்து மூன்று வாரம் இயல்பாக இருந்தால், பின்னர் மாதம் ஒருமுறை. எத்தனை மாதம் என்பது வகையைப் பொறுத்தது. ஃபிகோ எனப்படும் உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, பகுதி முத்துப்பிள்ளைக்கு இயல்பான பின் ஒரு மாதமும் முழு முத்துப்பிள்ளைக்கு மூன்று மாதமும் போதும் என்கிறது. ஆறு மாதம் வரை பார்க்கும் மருத்துவமனைகளும் உண்டு. எந்த ஆய்வகத்தில் தொடங்கினீர்களோ அதே ஆய்வகத்தில் தொடர வேண்டும். கருவிக்குக் கருவி அளவு சற்று மாறும் என்பதால், இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது குழம்பிவிடும்.

இதில் எந்த மருத்துவ நுட்பமும் கடினமில்லை. கடினமெல்லாம் அந்தப் பெண்ணை மறுபடி மறுபடி வரவழைப்பதில்தான் இருக்கிறது. 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியையும் கண்ட ஊர் இது. நல்ல மருத்துவமனை தொலைவில் இருக்கிறது என்று வேலூர்க்காரர்கள் குறைப்பட முடியாது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் பீஞ்சமந்தை மலையிலிருந்து ஒடுகத்தூர் இறங்கி வருபவளுக்கும், பேர்ணாம்பட்டில் பீடி சுற்றி நாள்கூலி பார்ப்பவளுக்கும், ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறவளுக்கும், உடம்பில் நோவே இல்லாத ஒரு நாளில் ஒரு குப்பி ரத்தம் கொடுப்பதற்காகச் சம்பளத்தை இழந்து வருவது எளிதன்று. வராதவர்களைக் கைப்பேசியில் அழைப்பேன். பெரும்பாலும் கணவனுடைய எண்ணாக இருக்கும். பகலில் எடுப்பவர் மாமியாராக இருப்பார். "அதான் கழுவி வுட்டாச்சேமா, இன்னும் இன்னாத்துக்கு வாரா வாரம் ரத்தம் எடுக்கறீங்க?" என்று ஓர் அம்மாள் கேட்டார். கேட்டதில் தவறே இல்லை. அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. "அம்மா, கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒன்று உள்ளே தங்கியிருந்தாலும் இந்த ரத்தத்தில் தெரிந்துவிடும். இப்போதே தெரிந்தால் ஊசியோடு போய்விடும். மருமகளை அழைத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள்" என்றேன். அடுத்த வாரம் முதல் அவரே உடன் வந்தார். வீட்டில் முடிவெடுப்பவர் யாரோ அவருக்கு முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மயக்கம் தெளியாத பெண்ணின் கையில் சீட்டைக் கொடுத்து அனுப்புவது போதாது.

அடுத்த கர்ப்பம் பற்றிய அவசரம் அதைவிடப் பெரிய தடை. இந்தக் கரு இல்லையென்றானதும் உடனே அடுத்தது வேண்டும் என்ற நெருக்கடி அவளைச் சூழ்ந்துவிடுகிறது. கண்காணிப்புக் காலத்தில் கருவுறக் கூடாது என்பதற்குக் காரணம், எச்.சி.ஜி. நல்ல கர்ப்பத்திலும் ஏறும் என்பதுதான். அப்போது ஏறுவது புதுக் கருவாலா, மிஞ்சிய நோயாலா என்று பிரித்தறிய முடியாமல் நாங்கள் குருடாகிவிடுவோம். கருத்தடை மாத்திரை சாப்பிடலாம், ஆணுறையும் பயன்படுத்தலாம். காப்பர்-டி மட்டும் எச்.சி.ஜி. இயல்பாகும்வரை வேண்டாம், கருப்பைச் சுவர் துளைபட வாய்ப்பு உண்டு.

முழு முத்துப்பிள்ளை கண்டவர்களில் 100-க்கு 15 முதல் 20 பேருக்கு இந்த எண் ஒழுங்காக இறங்குவதில்லை. பகுதி முத்துப்பிள்ளையில் 5-க்கும் குறைவு. மூன்று வாரக் காலத்துக்குள் வாரந்தோறும் எடுத்த நான்கு அளவுகள் ஒரே மட்டத்தில் நின்றாலோ, இரண்டு வாரக் காலத்துக்குள் எடுத்த மூன்று அளவுகள் தொடர்ந்து ஏறினாலோ, நஞ்சுத்திசுக் கட்டி (மிஞ்சிய திசு புற்றுநோயைப் போல வளர்வது) என்று கொண்டு மருந்துச் சிகிச்சை தொடங்க வேண்டும். சிறிய எண் ஒன்று அசையாமல் நின்று, சிறுநீரில் மட்டும் எதுவும் இல்லையென்றால், ரத்தத்தில் உள்ள வேறு எதிர்ப்பொருள்களால் பரிசோதனையே தவறாகக் காட்டுகிறதா என்று முதலில் சரிபார்ப்பார்கள். நோய் இல்லாதவளுக்குப் புற்றுநோய் மருந்து கொடுத்துவிடக் கூடாதல்லவா?

வயது, முந்தைய கர்ப்பம் எவ்வகை, அதிலிருந்து எத்தனை மாதம், எச்.சி.ஜி. அளவு, கட்டியின் பருமன், பரவிய இடங்கள், பரவிய கட்டிகளின் எண்ணிக்கை, முன்பு மருந்து தோற்றதா என்ற எட்டையும் கூட்டி மதிப்பெண் இடுவார்கள். 6 வரை குறைந்த அபாயம். மெத்தோட்ரெக்ஸேட் அல்லது ஆக்டினோமைசின்-டி என்ற ஒரே மருந்து போதும். 7-உம் அதற்கு மேலும் என்றால் அதிக அபாயம்; பல மருந்துகள் சேர்ந்த சிகிச்சை. குறைந்த அபாயப் பிரிவில் ஏறக்குறைய அனைவருமே குணமாகிறார்கள், நுரையீரலுக்குப் பரவியவர்கள் உட்பட; அதிக அபாயப் பிரிவிலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். கருப்பையும் தங்கும், பின்னால் குழந்தையும் பிறக்கும். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டு இடிந்துபோகிற குடும்பத்திடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மருந்து எப்போது நிறுத்தப்படுகிறது என்பதற்குப் பின்னால், நான் மிகவும் மதிக்கும் ஒரு மருத்துவரின் வரலாறு உண்டு. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பணியாற்றிய சீனத்து மருத்துவர் மின் சியு லீ, நஞ்சுத்திசுவில் தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோய் பரவிய நோயாளிகளுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார். அவரும் சக மருத்துவர் ராய் ஹெர்ட்ஸும் 1956-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படத்தில் கட்டிகள் மறைந்த பின்னும், ஹார்மோன் முற்றிலும் மறையும்வரை லீ மருந்தை நிறுத்த மறுத்தார். கட்டி இல்லாதவருக்கு நச்சு கொடுக்கிறார் என்று குற்றம்சாட்டி அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அவர் மருந்தைத் தொடர்ந்த பெண்களே நோய் திரும்பாமல் வாழ்ந்தார்கள். மருந்தால் மட்டுமே பரவிய புற்றுநோய் ஒன்று குணமானது அதுவே முதல்முறை. இன்றும் எச்.சி.ஜி. இயல்பான பிறகு மேலும் இரண்டு, மூன்று சுற்றுகள் கொடுப்பதும், நோவில்லாத பெண்ணை ரத்தம் கொடுக்க அழைப்பதும் அவர் வழிதான். மெத்தோட்ரெக்ஸேட் பிறந்ததோ, பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகதா சுப்பாராவ் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழுவில். அவர் 1948-இல் மறைந்துவிட்டார். தம் மருந்து செய்த இந்தக் காரியத்தை அவர் காணவில்லை.

அந்த மருந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்தே நோயைக் கொல்கிறது. ஆகவே கர்ப்பத்தின்போது கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரை வீட்டில் மீந்திருந்தால், சத்து மாத்திரைதானே என்று சிகிச்சைக்கு நடுவில் விழுங்கக் கூடாது. மருத்துவர் தாமே எழுதிக் கொடுக்கும் ஃபோலினிக் அமிலம் வேறு. அதைச் சொன்ன நாளில் தவறாமல் சாப்பிட வேண்டும். வாய்ப்புண் வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் அன்றே தெரிவிக்க வேண்டும்.

அரிதாக, முத்துப்பிள்ளையே இல்லாமல், நல்லபடியாகப் பிள்ளை பெற்றவளுக்கும் இந்தப் புற்றுநோய் வரும். சுமார் 50,000 பிரசவங்களில் ஒன்றில். பிரசவமான சில மாதங்களில் இருமலில் ரத்தம் வந்த ஒரு பெண்ணைக் காசநோய் என்று எண்ணிச் சளிப் பரிசோதனைக்கு இருமுறை அனுப்பியிருந்தார்கள். நம் பகுதியில் அது முதலில் தோன்ற வேண்டிய எண்ணம்தான். ஆனால் உதிரப்போக்கும் நிற்கவில்லை என்று அவள் தயங்கிச் சொன்னதைக் காதில் வாங்கிய ஒரு பயிற்சி மருத்துவர், கர்ப்பப் பரிசோதனை அட்டை ஒன்றை எடுத்துவரச் சொன்னார். கைக்குழந்தையை வைத்திருப்பவளுக்கு எதற்கு என்று எல்லோரும் பார்த்தார்கள். கோடு விழுந்தது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு நுரையீரலிலோ மூளையிலோ விளங்காத கட்டிகள் இருந்தால், வேறெதற்கும் முன்பு இந்த மலிவான பரிசோதனையைச் செய்ய வேண்டும். பிறப்புறுப்பில் கருநீலக் கட்டி தெரிந்தால், அதிலிருந்து துண்டு எடுக்க முயலக் கூடாது; ரத்தம் நிற்காது.

ஒரு பக்கம் நல்ல கருவும் மறுபக்கம் முத்துப்பிள்ளையுமாக இரட்டை அமைவதும் உண்டு. அது மிக மிக அரிது. எல்லா வசதியும் உள்ள பெரிய மருத்துவமனையில், அபாயங்களைக் குடும்பத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டியது.

கண்காணிப்பு முடிந்தவர்கள் தாராளமாக மறுபடி கருவுறலாம். மருந்துச் சிகிச்சை பெற்றவர்கள் ஓராண்டு பொறுக்க வேண்டும். மறுபடியும் முத்துப்பிள்ளை வர வாய்ப்பு 100-இல் ஒன்று அல்லது இரண்டுதான். அடுத்த கர்ப்பத்தில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதியும்போதே பழைய திசு அறிக்கையைக் காட்டுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரத்தில், குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும்போது, தாயும் ஒருமுறை எச்.சி.ஜி. பார்த்துவிட வேண்டும்.